விறைப்பு எப்படி இருக்கிறது?

விமலேஸ்வரியை விழுத்தியது நான். கையால் தள்ளவில்லை, வாயால் விழுத்தினேன். யாரும் என்னை விசாரிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கோப்பில் என் பெயர் எந்த மூலையிலும் இல்லை. கேள்வி கேட்க வேண்டியவர்களுக்குக் கேள்வியே தெரியாதபோது பதில் வைத்திருக்கிறவள் கிடந்து புழுங்க வேண்டியதுதான். அதனால் எழுதிவைக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி போதும். சுரேகா என்று பெயர். மஸ்கெலியாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தேன். மூன்று வருடத்துக்கு முன் ஸ்கந்தபுரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவர் சதீஸ், எழுபத்தேழுக் கலவரத்தில் மலையை விட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் குடியேறிய சுடலைமுத்துவின் பேரன். அவருடைய பேச்சில் மலைநாட்டுத் தமிழ் மருந்துக்கும் கிடையாது. எனக்கு அது மட்டும்தான் இருந்தது. கூடவே சிங்களம். தோட்டத்துக் கடையிலும் டவுன் பள்ளிக்கூடத்திலும் பழகிய சிங்களம், தண்ணீர் மாதிரி வரும். அந்தச் சிங்களத்தால்தான் எனக்கு வேலை கிடைத்தது.

முள்ளந்தண்டில் காயப்பட்டவர்களுக்கு மாதம் ஒரு நாள் கிளினிக் நடக்கும். வருகிற டொக்டர் சிங்களவர், நல்ல மனிதர், 'வணக்கம்', 'சாப்பிட்டாச்சா' என்ற இரண்டுக்கு மேல் தமிழ் தெரியாது. அவருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. நேர்முகத்தில் ஒரு சிங்களக் கடிதத்தைக் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். கடகடவென்று சொன்னேன். ஐந்து நிமிடத்தில் வேலை. எந்தத் தமிழ் என்று ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

விமலேஸ்வரி உருத்திரபுரத்தில் இருக்கிறார். அவருடைய அப்பா குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து வந்தவர். வாய்க்கால் தண்ணீர், இரண்டு போகம் நெல், கல்வீடு. அந்த வீடு இரண்டு தரம் இடிந்து இப்போது மூன்றாவது வீடு. இரண்டாயிரத்து ஒன்பது மார்ச் மாதம் கடற்கரையோரத்துப் பதுங்குகுழி வாசலில் விழுந்த ஷெல்லில் கணவர் அங்கேயே முடிந்தார். ஒரு துண்டு இவருடைய முதுகுக்குள் போய் நின்றுவிட்டது. மடியில் இருந்த நான்கு வயது மகள் சிவதர்சினிக்கு ஒரு கீறலும் இல்லை.

தொப்புளுக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாது. நுள்ளினால் தெரியாது, சுட்டால் தெரியாது. ஒரு தரம் சோற்றுப் பானையை மடியில் வைத்துக்கொண்டு தொலைபேசியில் தம்பியோடு கதைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தோல் கருகிய மணம் வந்துதான் குனிந்து பார்த்தாராம். அந்தத் தழும்பைக் கிளினிக்கில் எனக்குக் காட்டி, 'வேற ஆரோ ஒராளின்ர கால் மாதிரி' என்று சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் வாழ்க்கையில் ஏங்கியது ஒன்றே ஒன்றுக்கு: அந்தக் கால்களில் ஏதாவது ஒன்று, நோவாவது, மறுபடி தெரிய வேண்டும்.

நோவு வரவில்லை. அதற்குப் பதிலாகக் கால்கள் இறுகத் தொடங்கின. கேட்டுக் கேள்வியில்லாமல் மரக்கட்டை போல நீட்டிக்கொண்டு நிற்கும், திடீரென்று துள்ளும். ஆரம்பத்தில் அதற்காகத் திட்டித் தீர்த்திருக்கிறார். பிறகு அந்த இறுக்கத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டார். சக்கர நாற்காலியை ஓரமாக நிறுத்தி, கைப்பிடிச் சட்டத்தைப் பிடித்துத் தோளால் உன்னினால் கால் இரண்டும் விறைத்துக்கொண்டு அவரைத் தாங்கும். தன்னிச்சையாக ஒரு விரலையும் அசைக்க முடியாத கால்கள், ஆனாலும் தாங்கும். எவ்வளவு நேரம் என்பதற்குத் தேவாரம்தான் கணக்கு. ஒரு தேவாரத்தை ஆறுதலாகச் சொல்லி முடிக்கும்வரை நிற்பார். அந்த நேரத்துக்குள் நாற்காலியிலிருந்து கக்கூசுக் கொமேட்டுக்கு மாறிவிடலாம். கட்டிலுக்கு ஏறிவிடலாம். குசினியில் மேல்தட்டில் இருக்கும் தூள் போத்தலை எடுத்துவிடலாம். ஒருவரையும் கூப்பிடாமல் கக்கூசுக்குப் போய்வருகிறேன் என்று அவர் சொல்லும்போது முகத்தில் ஒரு திமிர் தெரியும். பதினைந்து வருடம் உழைத்துச் சம்பாதித்த திமிர் அது.

அந்தத் திமிரில்தான் மகளின் எதிர்காலமும் தொங்கிக்கொண்டிருந்தது. சிவதர்சினிக்கு ஆசிரியர் பயிற்சிக்குக் கல்வியியற் கல்லூரி கிடைத்திருந்தது. வெளி மாவட்டம், விடுதியில் தங்கியே படிக்க வேண்டும், குறித்த திங்கட்கிழமை போய் நிற்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பக்கத்து வளவுக் கமலாசனி காலையும் மாலையும் வந்து சமைத்துத் தர ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அவர் வரமாட்டார், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது. மிச்சத்தை அம்மா தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மா நின்றால் மகள் போகலாம். அவ்வளவுதான் விஷயம்.

கால் ஏன் இப்படி இறுகுகிறது என்று டொக்டர் எனக்கு ஒரு நாள் கிளினிக் அட்டையின் பின்பக்கத்தில் படம் கீறிக் காட்டினார். முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணில் இருக்கும் நரம்புக் கலங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லையாம். நடுவில் மயிரிழை இடைவெளி. ஒரு கலம் அந்த இடைவெளிக்குள் துளியூண்டு அமினோ அமிலத்தைக் கசிய விடும், அடுத்த கலம் அதைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று முடிவெடுக்கும். குளுட்டமேற்று வந்தால் 'ஏவு' என்று அர்த்தம். கிளைசீன் வந்தால், காபா வந்தால் 'அடங்கு' என்று அர்த்தம். இதில் வேடிக்கை, அடக்குகிற காபாவை ஏவுகிற குளுட்டமேற்றிலிருந்தே கலம் செய்துகொள்கிறதாம். இரண்டும் சரியாகக் கலந்து வந்தால்தான் நாம் நடக்கிறோம், உட்காருகிறோம், சும்மா இருக்கிறோம். அடக்குகிற கலங்களை மேலிருந்து மூளை தட்டிக்கொடுத்தபடி இருக்கும். முண்ணாண் அறுந்தால் அந்தத் தட்டிக்கொடுத்தல் கீழே வராது. ஏவுகிற பக்கம் ஓங்கிவிடும். கால் இறுகும், துள்ளும். பக்லோபென் என்ற குளிசை காபாவைப் போல வேடமிட்டு அதன் இடத்தில் போய்க் குந்திக்கொண்டு, குளுட்டமேற்று கசிவதைக் குறைக்கும். இறுக்கம் தளரும். அளவு கூடினால் தேவையான இறுக்கமும் சேர்ந்து போய்விடும் என்றும் சொன்னார். அதையும் சொன்னார், நான் மறைக்க மாட்டேன்.

விமலேஸ்வரி ஏற்கனவே அந்தக் குளிசையில் பத்து மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூன்று எடுத்துக்கொண்டிருந்தார். அந்த அளவில் இரவில் தூங்கவும் முடிந்தது, பகலில் நிற்கவும் முடிந்தது. அதை மாற்ற ஒரு காரணமும் இருக்கவில்லை, நான் அங்கே போய்ச் சேரும்வரை.

நான் பார்த்த முதல் நாள் அவர் ஓட்டோவில் வந்திறங்கினார். பள்ளத்திலும் திட்டியிலும் குலுங்கி வந்ததில் கால்கள் துள்ளிக்கொண்டிருந்தன. முப்பது பேர் வரிசையில் இருந்தார்கள், உள்ளே நோயாளியை மட்டும்தான் விடுவார்கள். சிவதர்சினி வெளியே வெயிலில் நின்றாள். டொக்டர் சிங்களத்தில் இறுக்கம் எப்படி என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"வெறப்பு எப்படிக்கா இருக்கு?"

"தொப்புளுக்குக் கீழ முழுக்க விறைப்புத்தான் பிள்ளை."

முழுவதும் இறுகியிருக்கிறதாம் என்று டொக்டரிடம் சொன்னேன். அவரும் துள்ளுகிற கால்களைப் பார்த்தார், தலையை ஆட்டினார், பத்தைப் பதினைந்தாக்கினார். மருந்தைக் கூட்டியிருக்கிறது, போகப்போக வெறப்பு குறையும் என்று விமலேஸ்வரியிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "குறையுமோ? மெய்யாத்தானோ?" என்று கேட்டார். கண் நிறைந்துவிட்டது. இதற்கு ஏன் இந்த மனுசி அழுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததைக் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அன்று இன்னொன்றும் நடந்தது. விமலேஸ்வரி வெளியே போய் வரிசையில் இருந்தவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கதவு திறந்துதான் இருந்தது. நல்ல பிள்ளைதான், ஆனால் கதைக்கிறதில் அரைவாசி விளங்கவில்லை, தோட்டத்துத் தமிழ் என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. வந்த நாளிலிருந்து கடையில், பஸ்ஸில், சந்தையில் இதையே கேட்டுக் கேட்டுப் புளித்துப்போயிருந்தேன். 'இந்தியாவோ தங்கச்சி?' என்று கேட்பார்கள். மூன்று தலைமுறையாக இந்த நாட்டுக்குத் தேயிலை பறித்துக் கொடுத்தவர்களின் பிள்ளையிடம் இந்தக் கேள்வி. அன்றிலிருந்து ஒரு வைராக்கியம் வந்தது. கேள்வியைச் சுருக்கமாகக் கேட்பேன், வந்த பதிலைச் சுருக்கமாகச் சொல்வேன், இரண்டாம் தரம் கேட்கமாட்டேன். கேட்டால்தானே சிரிப்பீர்கள்.

இரண்டாம் மாதம் அவர் கொஞ்சம் உற்சாகமாக வந்தார். டொக்டர் வருவதற்குப் பிந்தியதால் அந்தப் படத்தை அவரிடம் காட்டி நான் அமினோ அமிலக் கதையைச் சொன்னேன். மனுசிக்குக் கற்பூர புத்தி. போர்க்காலத்தில் வீதிக்கு வீதி சென்றிக் காவல் இருந்ததே, அங்கே மறிக்கிறவன் ஓடிவிட்டான், போ போ என்று விடுகிறவன் மட்டும் நிற்கிறான், அப்படித்தானே என்றார். நான் சிரித்துவிட்டேன். ஆமாம், இந்தக் குளிசைதான் மறிக்கிற ஆளு, அவன் வந்து நின்றால் வெறப்பு போய்விடும் என்றேன். அவர் படத்தை விரலால் தடவிப் பார்த்தார். அதைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

படத்தின் பலனாக இன்னொரு கூத்தும் நடந்தது. கனடாவில் இருக்கும் தம்பி யோகநாதனிடம் அக்கா அமினோ அமிலம் என்ற பெயரைச் சொல்லியிருக்கிறார். அவர் உடனே கட்டுமஸ்தான ஒருவனின் படம் போட்ட நான்கு பெரிய டின் அமினோ மா அனுப்பிவிட்டார். டொக்டர் சிரித்துவிட்டு, வாயால் சாப்பிடுவது நேராக முண்ணாணுக்குள் போகாது, இரத்தத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மதில் இருக்கிறது, பாலில் கரைத்துக் குடித்தால் பால் கெட்டுப்போகும், வேறொன்றும் ஆகாது என்றார். இதையெல்லாம் ஒரு பிசகும் இல்லாமல் மொழிபெயர்த்தேன். மதிலைக்கூட ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

அன்றும் கேட்டேன், வெறப்பு எப்படி என்று. விறைப்பு அப்படியேதான் இருக்கிறது, ஒரு துளியும் விடவில்லை என்றார். பதினைந்து இருபதாயிற்று.

மூன்றாம் மாதத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உள்ளே வரும்போதே முகம் மலர்ந்திருந்தது. "கால் இப்ப இளகி வருது பிள்ளை" என்றார். டொக்டர் நல்லது என்றார், இறுக்கத்தைப் பற்றி மறுபடி கேட்கச் சொன்னார். கேட்டேன். "விறைப்பு இன்னும் விடேல்லை. அது அப்பிடியேதான். ஆனா விட்டிடும் எண்டு எனக்கு நம்பிக்கை வந்திட்டுது."

இளகிவருகிற கால் எப்படி அப்படியே இறுகியும் இருக்கும்? குழந்தைப்பிள்ளைக்கும் தட்டுப்படும் முரண். எனக்கும் தட்டுப்பட்டது. வாய்வரை வந்தது. என்னக்கா சொல்லுறீங்க, இளகுதா, வெறப்பா இருக்கா என்று ஒரு வரி. பின்னால் இருபது பேர் கதவுக்குள் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். மறுபடி ஒரு சிரிப்புக் கேட்க எனக்கு மனமில்லை. கொஞ்சம் இளகியிருக்கிறதாம், ஆனால் இறுக்கம் போகவில்லையாம் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அவர் மீதும் எனக்குக் கோபம்தான், ஆனால் அவர் நம்பியது என் வாயை. இருபது இருபத்தைந்தாயிற்று.

பிறகு வீட்டில் நடந்ததை சிவதர்சினியும் கமலாசனியும் சொல்லித்தான் அறிந்தேன். தேவாரம் பாதியில் நின்றுபோகத் தொடங்கியதாம். முழுப் பாட்டுக்கு நின்றவர் இரண்டு வரிக்கு மேல் தாங்கமுடியாமல் நாற்காலியில் இருந்துவிடுவார். மகள் கேட்டால், காலில் உணர்ச்சி வரப்போகிறது, அதற்கு முன் கால் இப்படித்தான் தொய்யும், அதற்காகத்தான் டொக்டர் குளிசையைக் கூட்டித் தந்திருக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். கடைசி இரண்டு வாரம் மகளின் கண்ணெதிரில் எழும்பவே இல்லையாம். பிள்ளை பயந்து, கல்லூரிக்குப் போகாமல் நின்றுவிடுவாள் என்ற பயம்.

திங்கட்கிழமைக்கு எட்டு நாள் இருந்தது. கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய வதிவிடச் சான்றிதழுக்காக சிவதர்சினி கிராமசேவகரிடம் போயிருந்தாள். விமலேஸ்வரி கக்கூசில் சட்டத்தைப் பிடித்து உன்னியிருக்கிறார். முழங்கால் இரண்டும் ஈரத் துணி போல மடங்கிவிட்டன. விழுந்ததில் நோவு இல்லை, அதனால் ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நிலத்தில் இருந்தபடியே மகள் வரக் காத்திருந்தார். மகள் வந்து தூக்கிக் கட்டிலில் போட்டபோதும் ஒன்றும் இல்லை என்றார். பொழுதுபடத் தொடை வீங்கி நீலம் பாய்ந்த பிறகுதான் எலும்பு முறிந்திருந்தது தெரிந்தது. தன் உடம்பில் எலும்பு முறிந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் அறிந்தார்.

வருடக்கணக்காக இருந்த இடத்தில் இருந்த எலும்பு, உளுத்த தடி மாதிரி. பொருந்தினாலும் இனி அதில் பாரம் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கல்லூரி ஒரு கிழமை அவகாசம் தந்தது. அம்மாவைத் தூக்க, கழுவ, திருப்பிப் படுக்கவைக்க ஆளில்லாமல் சிவதர்சினி எங்கே போவாள். இடம் அடுத்தவருக்குப் போயிற்று. குளிசை குடித்தும் தடுக்கி விழுந்துவிட்டதே, பாவம் என்று நானும் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பழம் வாங்கிக்கொண்டு போனேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அதற்குப் பத்து நாள் கழித்து சதீஸ் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தார். வாயில் பஞ்சு. சாப்பாடு போடவா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"விறைப்பு இன்னும் விடேல்லை."

வாயைத் திறக்க முடியாத அளவுக்கு இறுகிவிட்டதாக்கும் என்று எனக்குப் பதறியது. திறந்து காட்டுங்கள் என்றேன். அவர் பஞ்சை எடுத்துவிட்டு ஆவென்று நன்றாகத் திறந்தார். பிறகு எதுக்குங்க வெறப்புனு சொல்றீங்க என்று கேட்டேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். தன் கன்னத்தைப் பிடித்து முறுக்கிக் காட்டினார்.

"நுள்ளிப் பாரும். ஒண்டும் தெரியேல்லை. விறைப்பூசி போட்டா விறைக்கும்தானே."

அவருடைய கன்னத்தை நுள்ளினேன். தெரியவில்லை என்று தலையாட்டினார். இன்னும் பலமாக நுள்ளினேன். மலையில் நாங்கள் இதை மரத்துப்போவது என்போம். விறைப்பது என்றால் எங்களுக்குக் கட்டையாவது. இவர்களுக்கும் குளிரில் விறைக்கும், செத்த பிணம் விறைக்கும், ஆனால் காலோ கையோ வாயோ விறைப்பு என்றால் அது உணர்ச்சியில்லாமல் போவது. மூன்று வருடம் ஒரே பாயில் படுத்த மனிதரின் வாயிலிருந்து இந்தச் சொல் இந்த அர்த்தத்தில் எனக்குக் கேட்டது அன்றுதான். குசினி நிலத்தில் அப்படியே இருந்துவிட்டேன். மூன்று மாதம் விமலேஸ்வரி என்னிடம் சொன்ன ஒவ்வொரு பதிலும் சரி. உணர்ச்சி வந்ததா என்று நான் கேட்டதாக நினைத்து, வரவில்லை என்று உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் என் கையைப் பிடித்து அழுததற்கும் காரணம் தெரிந்தது. பதினைந்து வருடம் ஏங்கிய ஒன்றைத் தருவதாக நான் அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்தார். பிறகு, நீயும் தமிழ்தானே, அவர்களும் தமிழ்தானே, அப்படித்தானே உன்னை எடுத்தோம் என்றார். திட்டவில்லை. உண்மையாகவே அவருக்கு விளங்கவில்லை. குளிசையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும் என்று அட்டவணை எழுதித் தந்தார். கோப்பில் 'தவறி விழுந்ததில் தொடை எலும்பு முறிவு' என்று முன்பே எழுதியாயிற்று, அதை இனி மாற்றி யாருக்கு என்ன பயன் என்றார். எனக்கு வேலையும் போகவில்லை.

அட்டவணையை எடுத்துக்கொண்டு உருத்திரபுரத்துக்குப் போனேன். சிவதர்சினி கிணற்றடியில் அம்மாவின் துணிகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள். விமலேஸ்வரி கட்டிலில் கிடந்தார். பக்கத்துக் கதிரையில் இருந்து ஒன்றையும் விடாமல் சொன்னேன். எங்கள் வெறப்பு என்ன, உங்கள் விறைப்பு என்ன, மூன்றாம் மாதம் எனக்குச் சந்தேகம் வந்தது, வந்தும் ரோசத்தில் கேட்காமல் விட்டேன், எல்லாவற்றையும். ஏசுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

முகட்டைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப அந்தக் குளிசையால உணர்ச்சி வராதோ? ஒருநாளும்?"

"வராதுக்கா."

அப்போதுதான் அழுதார். கால் முறிந்ததற்கு அழாதவர், மகளின் படிப்புப் போனதற்கு எனக்கு முன்னால் அழாதவர், இதற்கு அழுதார். நானும் அழுதேன், என் அழுகையால் அவருக்கு ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை. கிணற்றடியில் வாளி வைக்கும் சத்தம் கேட்டதும் சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். என் கையை இழுத்துப் பக்கத்தில் குனியவைத்தார்.

"பிள்ளைக்கு இதைச் சொல்லிப்போடாதையும். தாய்க்காக நிக்கிறன் எண்டு அவள் நினைச்சுக்கொண்டிருக்கிறாள். அதில ஒரு மரியாதை இருக்கு. ஒரு சொல்லுக்காக நிக்கிறன் எண்டு தெரிஞ்சா அவளால தாங்கேலாது."

சிவதர்சினி கையைப் பாவாடையில் துடைத்தபடி உள்ளே வந்தாள். இருபது வயது. அம்மாவின் கண்ணையும் என் கண்ணையும் பார்த்தாள். தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தாள். அட்டவணையை வாசித்துவிட்டு, குளிசையை ஏன் குறைக்கிறார்கள், அம்மா எதனால் விழுந்ததாம், டொக்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாள். விமலேஸ்வரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

நோய் முற்றினால் கால் அப்படித்தான் தளரும், அதனால்தான் விழுந்திருக்கிறார், இனி இவ்வளவு குளிசை தேவையில்லை என்று சொன்னேன்.

அவள் அட்டவணையை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள்.

"அப்ப ஒருத்தற்ற பிழையும் இல்லை, என்னக்கா?"

"இல்லம்மா. யாரு மேலயும் தப்பு இல்ல."